தண்ணீர் பச்சைக் கோட்டைத் தொடும்வரை

விதுர்ஷாவுக்கு ஒரு தூண்மேல் கோபம்.

அந்தத் தூண் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. வாவிக்கரையில், பழைய பாலம் இருந்த இடத்தில், அது தன்பாட்டில் நின்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. தோணிக்குப் பூசி மிஞ்சிய பெயின்டால் யாரோ எப்போதோ போட்ட கோடு. வாவித் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால்தான் ஆற்றுவாய் வெட்டுவார்கள்.

பெரியகல்லாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கிராமத்தில் வாவியை எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நீண்ட மணல்திட்டு கிடக்கிறது. வெயில் காலம் முழுவதும் ஆற்றின் வாயை அது மூடியிருக்கும். மாரி மழையில் ஆறு நிரம்பியதும் ஊரார் கூடி, பூசை வைத்து, மணலை வெட்டி வாயைத் திறப்பார்கள். ஆற்று நீர் கடலுக்கு ஓடும். வளர்ந்த இறால்கள் அந்த ஓட்டத்தோடு வரும். வலை வீசுகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

விதுர்ஷாவின் அப்பா பாலசுந்தரமும் வலை வீசுகிறவர்தான். ஆற்றில் மீன் குறைந்துபோனதும் கொழும்புக்குக் கட்டிட வேலைக்குப் போய்விட்டார். போகும்போது அவள் தலையில் கைவைத்து, "ஆத்துவாய் வெட்டக்குள்ள அப்பா வந்திருவன் மனே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆகவே விதுர்ஷாவின் கணக்கு மிகவும் சுலபமானது. தண்ணீர் கோட்டைத் தொட வேண்டும். வாயை வெட்ட வேண்டும். அப்பா வர வேண்டும்.

தண்ணீர்தான் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் தூணைப் பார்க்கப் போவாள். தம்பி மதுஷனும் பின்னால் வருவான். அவனுக்கு வயது ஆறு. அவனை உப்பு வாங்கக் கடைக்கு அனுப்பினால் பூனைக்குட்டியோடு திரும்பி வருவான். உப்பு எங்கே என்று கேட்டால், "எந்த உப்பு?" என்பான்.

"அக்கா, இண்டைக்கு ஏறியிருக்கா?"

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் நீ வந்தாய்தானே!"

வீட்டுக்கு வந்தால் அம்மா வசந்தாதேவி இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பாள். விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்பது அவள் வேலை. மகளின் முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

"பொறுத்தார் பூமியாள்வார் புள்ள" என்றாள் அம்மா ஒருநாள்.

"எனக்குப் பூமி வேணாம்மா. அப்பாதான் வேணும்."

அம்மா கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

கார்த்திகை பிறந்தது. மழை பெய்தது, ஆனால் போதவில்லை. தண்ணீர் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் அளவில் வந்து நின்றுகொண்டது. அடுத்த நாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும் அதே இடம். விதுர்ஷாவின் பொறுமை அறுந்துபோனது.

அன்று பின்னேரம் அவள் தூணுக்குப் போகவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரே மணல்திட்டுக்குப் போனாள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது.

மாரி காலத்தில் அங்கே பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அது விதுர்ஷாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனாள்.

மணல்திட்டின் மிகவும் ஒடுங்கிய இடத்தில் அவள் குந்தினாள். ஒரு பக்கம் ஆறு சத்தமில்லாமல் கிடந்தது. மறுபக்கம் கடல் இரைந்தது.

"என்னக்கா செய்யப் போறாய்?"

"ஆத்துக்கு வழி காட்டப் போறன். சின்னதா ஒரு கோடு கீறிவிட்டாக் காணும். மிச்சத்த அது பாத்துக்கொள்ளும்."

சிரட்டையால் மணலை அள்ளி அள்ளி, ஆற்றிலிருந்து கடல்வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் இழுத்தாள். கை அகலம்தான் இருந்தது. கடைசி மணலை எடுத்ததும் ஆற்று நீர் மெதுவாக உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு நகர்ந்தது. பிறகு ஓடியது.

"ஓடுது! ஓடுது!" என்று மதுஷன் கைதட்டிக் குதித்தான். "அப்பா வாறார்! அப்பா வாறார்!"

விதுர்ஷாவும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. வாய்க்காலின் ஓரம் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. விழுந்த மணலைத் தண்ணீர் கொண்டுபோனது. கை அகலம் முழ அகலமானது. யாரும் வெட்டாமலே அது தன்னைத் தானே வெட்டிக்கொண்டிருந்தது.

அப்போது கடலிலிருந்து ஒரு பெரிய அலை எழும்பி வந்தது. மணலில் ஏறி, வாய்க்காலுக்குள் புகுந்து, ஓடிவந்த ஆற்று நீரைத் திரும்பவும் ஆற்றுக்குள்ளேயே தள்ளியது. நுரை விதுர்ஷாவின் காலைத் தொட்டது. அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவள் அக்கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆற்றின் அக்கரையில் பச்சைப் பசேலென்று வட்டை தெரிந்தது. வயல்வெளியை அந்த ஊரில் வட்டை என்பார்கள். அதன் ஓரத்தில் இருந்த துண்டு மேனுகாவுடையது. மேனுகா அவளுடைய வகுப்புத் தோழி. முன்பு ஒருமுறை ஆறு நிரம்புவதற்கு முன்னமே அவசரப்பட்டு வாயை வெட்டிவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் பலமாக இல்லாததால் கடல் உள்ளே வந்தது. உப்புத் தண்ணீர் ஏறி, அப்போதுதான் முளைத்திருந்த நெல்லெல்லாம் கருகிப்போனது. மேனுகா பல நாட்கள் யாரோடும் பேசாமல் வகுப்பில் குனிந்தபடி இருந்தாள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் விதுர்ஷா தன் இடியப்பத்தில் பாதியை வைத்ததும், அவள் அதைச் சாப்பிடாமல் தன் தம்பிக்கென்று மூடிக்கொண்டு போனதும் இப்போது நினைவுக்கு வந்தன.

"தம்பி, மூடு! மண்ணப் போடு!"

இருவரும் இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டார்கள். போட்ட மணலைத் தண்ணீர் அப்படியே விழுங்கியது. இன்னும் போட்டார்கள். அதையும் விழுங்கியது.

விதுர்ஷா சுற்றிலும் பார்த்தாள். கல் இல்லை, கட்டை இல்லை. இருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் வாய்க்காலின் ஆற்றுப் பக்கத்து முனையில் இறங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் முதுகில் வந்து முட்டியது. இரண்டு பக்கமும் இருந்த இடைவெளியில் மணலை இழுத்து இறுக்கினாள். ஓட்டம் குறைந்தது. ஒரு நூல்போல மட்டும் கசிந்தது.

"தம்பி, இஞ்ச பார். நீ மீனவர் சங்கத்துக்கு ஓடிப்போய் உதயரூபன் மாமாவக் கூட்டிக்கொண்டு வா. வாய் உடையப் போகுதெண்டு சொல்லு. வழியில நிக்காத. கிறுகிப் பாக்காம ஓடு. விளங்குதா?"

"நீ வரல்லியா?"

"நான் எழும்பினா ஆறு உடைச்சிரும்."

மதுஷன் அவளையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஓடினான்.

அவன் சின்ன உருவம் தாழம்புதருக்குப் பின்னால் மறைந்தபோதுதான் விதுர்ஷாவுக்கு அந்தப் பூனைக்குட்டியின் ஞாபகம் வந்தது.

கடவுளே, உப்பு வாங்கத் தெரியாத பிள்ளையை அல்லவா அனுப்பியிருக்கிறேன்!

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

மழை தூறத் தொடங்கியது. ஆற்று நீர் குளிர்ந்தது. கால் மரத்துப்போனது. கொஞ்சம் அசைந்தால் போதும், இடுப்போரத்தில் மணல் கரைந்தது. உடனே சிரட்டையால் அள்ளி அடைத்தாள். மூக்கு அரித்தது. அதைச் சொறிவதற்குக்கூடப் பயமாக இருந்தது. கடலலைகளை எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை தப்பிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள். அதுவும் தப்பிவிட்டது.

அவள் அப்பாவை நினைத்தாள். அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்பார். ஒரு கொக்குக்கூட அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எத்தனையோ முறை கரையில் இருந்து, "வீசுங்கப்பா! கெதியா வீசுங்க!" என்று அவள் கத்தியிருக்கிறாள். அவர் ஒருநாளும் அவசரப்பட்டு வீசியதில்லை. அப்படி நிற்கும்போது அவருக்கும் கால் மரத்திருக்குமே என்று இப்போது தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். ஆனால் அசையவில்லை.

தாழம்புதருக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மீன் வாங்க வரும் முனாப் நானாவின் சைக்கிள் அது. பின்னால் மீன் பெட்டிக்கு மேலே உதயரூபன் மாமா. முன்னால், பெற்றோல் டாங்கில், ஒட்டிக்கொண்டிருந்தான் மதுஷன். அவர்களுக்குப் பின்னால் மண்வெட்டிகளோடும் மணல் நிரப்பிய உரப்பைகளோடும் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"அக்கா, நான் ஒரு இடத்திலயும் நிக்கல்ல!" என்று மதுஷன் தூரத்திலிருந்தே கத்தினான். "ஒரு பெரிய நண்டு கூப்பிட்டது. நான் போகல்ல!"

"சோனகத் தெருவுப் பக்கம் அழுதழுது ஓடினான்" என்றார் முனாப் நானா. "ஏத்திக்கொண்டு வந்தன்."

உரப்பைகளை அடுக்கி, மணலை மிதித்து இறுக்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் உதயரூபன் மாமா விதுர்ஷாவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி விட்டார். அவள் கால்கள் நிற்க மறுத்தன. அவர் மீனவர் சங்கத் தலைவர். கோடு பார்த்து நாள் குறிப்பவர் அவர்தான். சிரித்து யாரும் கண்டதில்லை.

"ஆர் வெட்டின?" என்று கேட்டார்.

"நண்டு" என்றான் மதுஷன் அவசரமாக.

மாமா மணலில் கிடந்த சிரட்டையைப் பார்த்தார்.

"நான்தான் மாமா" என்றாள் விதுர்ஷா. பல் கிடுகிடுத்தது. "வாய் வெட்டினா அப்பா வருவாரெண்டு…"

உதயரூபன் மாமா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவள்மேல் போர்த்தினார்.

"வெட்டிப்போட்டு ஓடாம, அதுக்குள்ளயே இருந்தாய்" என்றார். "வா, வீட்ட போவம்."

வீட்டில் அம்மா அடிக்கவில்லை. ஏசவுமில்லை. தலையைத் துவட்டினாள்.

"ஆறு உன்னக் கொண்டு போயிருந்தா, அப்பா வந்து ஆரப் பாப்பார்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி அடியைவிட வலித்தது. விதுர்ஷா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்பா போன் எடுத்தபோது அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மனே, உனக்குக் குளிர்ந்திச்சா?" என்று கேட்டார் அப்பா.

"ஓம்பா."

"எனக்கும் இஞ்ச இருக்கேலாமத்தான் இருக்கு. ஆனா வேலைய விட்டுட்டு இப்ப வந்தா, ஆத்தில ஒண்டுமில்ல. தண்ணி கோட்டத் தொட்டதும் நீதான் எனக்குச் சொல்ல வேணும். வேற ஆரும் சொன்னா நம்ப மாட்டன். அண்டைக்கே பஸ் ஏறுவன்."

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அவள் மேனுகாவிடமும் சொன்னாள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. மேனுகா கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் வெளிறிப்போயிற்று. மணி அடித்தது. பாடம் நடந்தது. திரும்பவும் மணி அடித்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"தூணப் பாக்கப் போறியா புள்ள?"

"ஓம்."

"நில்லு. நானும் வாறன்."

அதன்பிறகு மூன்று பேராகப் போனார்கள். தண்ணீர் ஒருநாள் விரல் அளவு ஏறியது. ஒருநாள் வெயில் எறித்து அதில் பாதி இறங்கியது. விதுர்ஷாவுக்கு இப்போது தூண்மேல் கோபம் இல்லை. ஏக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அவள் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கோட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் மூடுவதைப் பார்த்தாள். அக்கரையில் நெற்பயிர் உயர்வதைப் பார்த்தாள். மதுஷன் அந்தச் சிப்பிகளுக்கெல்லாம் பெயர் வைத்தான். "அக்கா, சுப்பன் முழுகிட்டான்! அடுத்தது குப்பன்!"

பிறகு வானம் கறுத்தது. ராப்பகலாக மழை கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் அம்மா குடை பிடிக்க, பிள்ளைகள் இருவரும் தூணைப் பார்க்கப் போனார்கள்.

சிப்பிகள் ஒன்றையும் காணவில்லை. பச்சைக் கோட்டின் கீழ் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

விதுர்ஷா போனைக் காதில் வைத்தாள். அவ்வளவு நாளாக நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின.

"அப்பா… தொட்டிட்டு."

சங்கத்தாரும் வட்டைக்காரரும் கூடிப் பேசி, மறுநாள் காலை என்று முடிவு செய்தார்கள். தண்ணீர் வீடுகளுக்குள் வருவதற்கு முன் வெட்டியாக வேண்டும். அதற்கு மேல் யாருக்காகவும் பிந்த முடியாது.

அடுத்த நாள் காலை ஊரே மணல்திட்டில் நின்றது. கொழும்பு பஸ் இன்னும் வரவில்லை. வழியில் தெருவுக்கு மேலால் வெள்ளம் போகிறது என்றார்கள். விதுர்ஷா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசாரி தட்டத்தில் கமுகம்பூவும் வெற்றிலையும் தேங்காயும் கற்பூரமும் வைத்தார். "தட்டம் பிடிக்க ஒரு புள்ளய அனுப்புங்க" என்றார்.

வழக்கமாகச் சங்கத் தலைவரின் வீட்டுப் பிள்ளைதான் பிடிக்கும். உதயரூபன் மாமா கூட்டத்தைப் பார்த்தார்.

"அண்டைக்கு ஆத்த மறிச்ச புள்ள பிடிக்கட்டும்" என்றார்.

விதுர்ஷாவின் காது சூடாகிவிட்டது. மேனுகா அவள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

"பாரம் மனே" என்றார் பூசாரி. "வாய் திறந்து தண்ணி கடலத் தொடுமட்டும் கீழ வெக்கக் கூடாது. ஏலுமா?"

"ஏலும்."

பூசை தொடங்கியது. மணி ஒலித்தது. ஆண்கள் மண்வெட்டிகளோடு கடல் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

தாழம்புதரைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு, தோளில் பையோடு ஒருவர் வந்தார். இளைத்திருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

அப்பா!

மதுஷன் கூவிக்கொண்டு ஓடி அவர் கழுத்தில் தொங்கினான். விதுர்ஷாவின் கால் ஓர் அடி முன்னால் வந்துவிட்டது. தட்டத்தில் தேங்காய் உருண்டது. அவள் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த தட்டத்தையும் பார்த்தார். வந்த நடையை நிறுத்தி, அங்கேயே நின்றார். ஆற்றில் வலையோடு நிற்பதைப் போலவே நின்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

இத்தனை நாள் பொறுத்தது பெரிதா, இந்தக் கொஞ்ச நேரம் பொறுப்பது பெரிதா? கேட்டால், இந்தக் கொஞ்ச நேரம்தான் பெரிது என்று விதுர்ஷா சொல்லுவாள். கை கடுத்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

கடைசி மண்வெட்டி விழுந்தது. ஆற்று நீர் வெட்டிய வழியில் இறங்கி, மணலை வாரிக்கொண்டு, பெரிதாகி, பெருத்த இரைச்சலோடு போய்க் கடலில் விழுந்தது. வந்த அலையை அது அப்படியே பின்னால் தள்ளியது. பெண்கள் குரவையிட்டார்கள்.

"இனி வை மனே" என்றார் பூசாரி.

விதுர்ஷா குனிந்து, தேங்காய் உருளாமல், கமுகம்பூ சரியாமல், தட்டத்தை மெதுவாக மணலில் வைத்தாள்.

ஆறு கடலைப் பார்த்து ஓடியது. அவள் அப்பாவைப் பார்த்து ஓடினாள்.